நாணயப் பிழை

காசின் நன்மை தீமைகளை நோக்கி அறியும் தொழிலினரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவருள்ளும் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் போல்வார் அத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு தாங்கி நிற்கின்றனர். வகுப்பில் அச்சொல்லுக்குப் பொருளெழுதி அப்பாற் சென்ற எமக்கு, சென்ற கோடை விடுமுறையில் அத்தொழிலையே செய்ய நேர்ந்தது. முதற்கண் அதனைச் செவ்வனே செய்திலேம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளுகின்றோம்.

எம் ஆச்சியாரின் சுருக்குப்பையில் பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று கிடந்தது. செம்பும் நிக்கலும் கலந்து, 9 கிராம் எடையில், தடித்து உருண்டிருக்கும் அக்காசை அறியாதார் இலர். அதன்கண் 1998 என்ற ஆண்டெண் இரட்டித்துத் தோன்றியது. இத்தகையவை இலட்சக்கணக்கில் விலைபோவதாகக் கைப்பேசியில் யாம் கண்டிருந்தோம். ஆதலின் அண்டை வீட்டார் பலர் கேட்ப, "இஃது அச்சுப்பிழை உடைய அருங்காசு" என்று தீர்ப்புரைத்தோம். அம்மட்டோ? அதன் படத்தையும் யாவரும் காண வெளியிட்டோம். இரண்டு நாளில் ஒருவர் பேசினார். ஐந்து இலட்சம் தருவதாகவும், பதிவுக் கட்டணமாக 2,000 ரூபாய் முன்னர் அனுப்ப வேண்டுமென்றும் கூறினார். யாம் ஊரில் இல்லாத வேளை பார்த்து, முட்டை விற்றுச் சேர்த்த பணத்திலிருந்து ஆச்சியார் அதனை அனுப்பிவிட்டார். பேரப்பிள்ளை படித்தவன், அவன் சொன்னால் சரியாயிருக்கும் என்பதே அவர் கண்ட சான்று. வரி என்று மேலும் 8,000 கேட்கப்பட்ட பின்னரே யாம் விழித்துக்கொண்டு, ஊர்க் கடிகாரக்காரரிடம் கண்ணில் இடுக்கும் கண்ணாடியை இரவல் வாங்கி, படிக்கத் தொடங்கினோம்.

உண்மையான இரட்டை அச்சு என்பது காசில் பிறக்கும் பிழையன்று, அச்சிலேயே பிறப்பது. மேடாகச் செதுக்கிய மூல உருவை எஃகுத் துண்டில் அழுத்திப் பள்ளமான அச்சினைச் செய்வர். முதல் அழுத்தத்தில் எஃகு இறுகிவிடுதலின், அதனைக் காய்ச்சி இளக்கி மீண்டும் அழுத்துவது பழைய முறை. மறுமுறை அழுத்துங்கால் மூலவுரு சிறிது திரும்பியிருப்பின், அச்சில் இரண்டு உருக்கள் பதிந்துவிடும். அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955ஆம் ஆண்டில் அடிக்கப்பட்ட ஒரு சென்ட் காசு இதற்குப் பெயர்போன சான்று. அதில் ஆண்டெண்ணும் எழுத்துக்களும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தோன்றும். நடுவிலுள்ள லிங்கனின் முகமோ பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். என்னை? சுழன்ற உருவின் நடுப்பகுதி மிகச் சிறிதே நகரும், விளிம்பே மிக நகரும். ஏறத்தாழ 20,000 காசுகள் வெளிப்போந்தன என மதிப்பிடுவர். அவை யாவும் ஓரச்சின் மக்களாதலின், இரட்டிப்பு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு உருக்களும் உருண்டு திரண்டு, எழுத்து தடித்து, அதன் முனைகள் கவைபோலப் பிளந்து நிற்கும்.

பொறியால் விளையும் இரட்டிப்பு வேறு. பொறியில் அச்சு இறுகப் பொருந்தாது தளர்ந்திருப்பின், காசினை அடித்து முடித்த நொடியில் அது சற்றே நழுவி, அப்பொழுது எழும்பிய எழுத்தின் பக்கத்தை உராய்ந்து நசுக்கும். அதனால் எழுத்தின் ஓரத்தில் தட்டையான தாழ்ந்த படி ஒன்று உண்டாகும். எழுத்து தடிப்பதில்லை, தன் பருமனில் ஒரு பகுதியை இழந்து மெலிகின்றது. இவ்வேறுபாடே யாம் கற்றவற்றுள் தலையாயது. பல்லாயிரம் முறை அடித்து அச்சே களைத்துப்போனால் எழுத்துக்கள் விளிம்பை நோக்கி வீங்கித் தோன்றுவதும் உண்டு. அதனையும் இரட்டை அச்சென்று மயங்குவார் உளர்.

தேய்வினை அறிதல் இவற்றினும் எளிது. கைபட்டுத் தேயும் காசில் மேடான இடங்களே முதலில் மழுங்கும். சுற்றிலும் யாவும் கூர்மையாயிருக்க ஓரெழுத்து மட்டும் மறைந்திருப்பின், அச்சின் பள்ளத்தில் மசகு அடைத்துக்கொண்டது எனக் கொள்ளலாம். ஓரம் பிறைபோல் குறைந்த காசு நாணயச்சாலையில் குறைந்ததோ, எவரேனும் அரத்தால் அராவியதோ என்னும் ஐயத்திற்கு ஒரு நல்ல விடை உண்டு: குறைக்கு நேர் எதிர்ப்புறத்து விளிம்பை நோக்குக. அடிப்பதற்கு முன்னரே வில்லை குறைபட்டிருந்தால், விளிம்பெழுப்பும் பொறியில் எதிர்ப்புறமும் அழுத்தம் பெறாது. ஆதலின் அவ்விடத்து விளிம்பு பெரும்பாலும் மெலிந்திருக்கும். அரங்கொண்டு அராவுவோன் அதனை அறியான். இதனைப் பிளேக்ஸ்லி விளைவு என்பர். படித்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

அன்று மாலை திண்ணையில் வெயில் சாய்வாக விழும் இடத்தில் அமர்ந்து நோக்கினோம். 1998இன் ஒவ்வோர் எண்ணின் வலப்புறத்தும், ஒரே திசையில், தட்டையான படி பளபளத்தது. எண்கள் மெலிந்திருந்தன, கவை எங்கும் இல்லை. காசைத் திருப்பித் திருப்பி, வேறொளியில் வேறு விடை வாராதா என்று நெடுநேரம் தேடினோம் என்பதையும் மறையாது எழுதுகின்றோம். பழைய நாணயங்களை வாங்க விற்கத் தன் பெயரால் கட்டணமும் வரியும் கேட்போரை நம்பற்க என இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்ததும் அன்றுதான் எம் கண்ணிற்பட்டது. இணையவழி மோசடிகளுக்கென உள்ள 1930 என்னும் எண்ணில் முறையிட்டோம். 2,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை.

ஆச்சியாரிடம் கண்ணாடியைக் கொடுத்து அப்படியினைக் காட்டினோம். அவர் பார்த்தாரோ, பார்ப்பது போல் இருந்தாரோ, அறியோம். "அப்போ இது வெறும் அஞ்சு ரூவாதானாலே?" என்றார். ஆம் என்றோம். தவறு எம்முடையது என்றும், வாயெழாது, சிறிது பொறுத்துச் சொன்னோம். அதற்கு அவர் விடை கூறவில்லை. "சோறு ஆறுது" என்று எழுந்தார்.

மறுநாட் காலை அக்காசுக்குக் கொத்தமல்லி வாங்கி வந்தார். கடைக்காரர் அதனைத் திருப்பியும் பாராது பெட்டியில் இட்டாராம்.