பத்து எழுத்து ஊர்

பாப்பிரெட்டிப்பட்டி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்து எழுத்து. ஆனால் மெய்களை மட்டும் எண்ணினால் ப, ட, ர என்று மூன்றுதான். பகரம் ஓரிடத்தில் கால் வாங்கிப் ‘பா’ ஆகிறது. இரண்டு இடத்தில் புள்ளி வைத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் தலைக்கு மேல் கொக்கி மாட்டிப் ‘பி’ ஆகிறது. பிறகு எதுவுமே இல்லாமல் வெறும் பகரமாக நிற்கிறது. ரகரத்துக்கு முன்னால் ஓர் ஒற்றைக்கொம்பு. வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்த் தனியாகப் பாடம் சொல்லித்தருவது என் வேலை. என்னுடைய முதல் பாடம் இந்தப் பெயர்தான்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. நாலாம் வகுப்புப் படித்த ஒரு பையன் காட்டிக்கொடுத்தான். வாணியாறு அணைக்குப் போகும் வழியில் தோட்டத்து வீடு. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவன் ஆயாவிடம் வளர்ந்தான். “இவனுக்கு மண்டையில ஏறாது டீச்சர், ஆடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொல்றாங்க. நீங்க பரிட்சைக்கு மட்டும் எப்படியாவது தேத்திவிடுங்க” என்று ஆயா கேட்டுக்கொண்டார். நானும் அவர் சொன்னபடியே நாலாம் வகுப்புப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்தேன். மூன்றாவது மாதம், நான் வரும் நேரத்துக்கு அவன் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தான். தப்பு என்னுடையது. அவன் நின்ற இடத்துக்கு நான் இறங்கிப் போகவில்லை. நான் நின்ற இடத்துக்கு அவனை இழுத்தேன்.

அதன் பிறகு பத்து நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். தூரத்தில் வரும் பஸ் பொம்மிடி போவதா அரூர் போவதா என்று ஹாரன் சத்தத்திலேயே சொல்வான். எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதும் தெரியும். போர்டை மட்டும் அவன் பார்த்ததே இல்லை. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, “நம்ம ஊர் பேர்ல ஒரே மாதிரி ரெண்டு வருது டீச்சர்” என்றான். ‘ட்டி’யைச் சொன்னான். நான்கு வருடம் பள்ளிக்கூடம் போனவன் தானாக ஓர் எழுத்தைப் பார்த்துச் சொன்னது அன்றுதான்.

நான் இந்த வேலைக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூ முடித்தபோது ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை, சிறப்புக் கல்வி டிப்ளமோவில் இடம் இருந்தது, சேர்ந்தேன். விரும்பி எடுத்தேன் என்று சொன்னால் பொய். விருப்பம் பின்னால் வந்தது. அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்தில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன நாட்களில் வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள மகளை எந்தப் பக்கம் சாய்த்து உட்கார வைத்தால் கை விடுபடும் என்று எனக்குக் கற்றுத்தந்தவர் மஞ்சள் வேகவைக்கும் வேலைக்குப் போகும் ஒரு தாய். என் பாடநூலில் அந்தப் படம் இருந்தது. அவர் கையைப் பார்த்த பிறகுதான் படம் எனக்குப் புரிந்தது.

பதினோரு வருடம் கழித்து அந்த வேலையை விட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பள்ளிக்குப் போனேன், எத்தனை படிவம் நிரப்பினேன் என்பதே கணக்காகிப் போயிருந்தது. உச்ச நீதிமன்றம் 2021-ல், தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தைச் சொன்னது. எனக்கு அதைவிடப் பல மடங்கு பிள்ளைகள். வேலையில் இருந்துகொண்டே மாலையில் டியூஷன் எடுக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-ம் பிரிவில், ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. அது நியாயமான விதி. பகலில் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையை மாலையில் காசுக்குப் பார்ப்பது சரியில்லை. அதனால் முதலில் வேலையை விட்டேன், பிறகே டியூஷன் தொடங்கினேன். பதிவை மட்டும் விடவில்லை. 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவர்தான் சிறப்பாசிரியராகத் தொழில் செய்யலாம்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். வாசிப்புக் குறைபாடு பற்றி நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தை வைத்து உருவானது. இடமும் வலமும் திரும்பினால் வேறாகிவிடும் ஆங்கில எழுத்துகள், எழுதுவது ஒன்றும் சொல்வது ஒன்றுமான ஆங்கிலச் சொற்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்றவர்கள் இந்த அறிவை நம் பக்கம் கொண்டுவந்து பெரிய உதவி செய்தார்கள். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளை தடுக்கி விழும் இடம் வேறு. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். சொல்லும்போது ககரம் முதலில், ஒகரம் பின்னால். எழுதும்போது கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். காது கேட்கும் வரிசையும் கண் பார்க்கும் வரிசையும் ஒன்றில்லை. அவசரத்தில் எழுதினால் காலும் ரகரமும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. திணறல் இல்லாத குழந்தைக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும். இந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் ஆகும், அதற்குள் அவனுக்கு மக்கு என்று பெயர் வந்துவிடும்.

1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, னை, ளை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. அதனால் இவர்களுக்குக் கிடைத்த நிம்மதியை நான் கண்ணால் பார்க்கிறேன். கைவைக்காமல் விட்டது உகர, ஊகார வரிசை. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 எழுத்து. நான் அதை அகர வரிசையில் சொல்லித்தருவதில்லை. வாலைப் பார்த்துக் குடும்பம் பிரிக்கிறேன். பு, யு, வு, சு ஒரு வீடு. து, நு, று, னு, ணு, லு இன்னொரு வீடு. டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது வீடு. கு தனிக்குடித்தனம். எந்த வீட்டுப் பிள்ளை என்று பிரித்துப் போடத் தெரிந்தால் போதும், எழுதுவது பின்னால் வரும்.

கையால் தடவிக்கொண்டே வாயால் சொல்ல வைப்பதை எனக்கு டிப்ளமோவில் அமெரிக்கப் பெண்மணி கிரேஸ் ஃபெர்னால்டின் முறை என்று கற்பித்தார்கள். அவர் 1921-ல் லாஸ் ஏஞ்சலஸில் இதற்கென ஒரு பள்ளி தொடங்கியவர். மரியாதைக்குரியவர்தான். ஆனால் நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னது அதற்கும் முந்தியது. எழும்பூர் அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்தி, 1797-ல் லண்டனில் அந்தப் பள்ளியைப் பற்றி நூல் வெளியிட்டார். மணலில் எழுதுவதும் சேர்ந்த அவருடைய கற்பித்தல் முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. நான் ஆயாவின் முறத்தில் ராகியைப் பரப்பி அதில் எழுத வைக்கிறேன். ஆயாவுக்கும் அது அந்நியமில்லை. நான் போன பிறகு அவரே உட்கார்ந்து எழுத வைக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் வரும் என்னைவிட ஏழு நாளும் கூட இருக்கும் அவர் முக்கியம். அதனால் பாடம் நடக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் உட்கார வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒப்புக்கொள்ளாத வீட்டுக்கு நான் போவதில்லை.

ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, நாற்பது நிமிடம், அவ்வளவுதான். பத்துப் பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் வருமானம் கூடும். அப்படிச் செய்தால் யார் எங்கே தடுக்கினார் என்று எனக்குத் தெரியாமல் போகும். மாதக் கடைசியில் நோட்டைக் காட்டிவிட்டுத்தான் கட்டணம் கேட்கிறேன். எல்லாத் திணறலும் குறைபாடு ஆகிவிடாது. வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பெண் குழந்தையை என்னிடம் அழைத்து வந்தார்கள். எழுத்தெல்லாம் தெரிந்திருந்தது, தமிழ்ச் சொற்கள்தான் போதவில்லை. ஆறு வாரம் கதை பேசினோம். அதோடு அவளுக்கு நான் தேவைப்படவில்லை.

பையனுக்கு ஊர்ப் பெயர் முடிந்ததும் பொம்மிடிக்குப் போனோம். புதிதாக மகரம் ஒன்றுதான், ஆனால் அந்தப் ‘பொ’ மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. கொம்பையும் காலையும் இரண்டு கைகளாகவும், நடுவில் பகரத்தை உடம்பாகவும் அவனே நின்று காட்டினான். பிறகு மெணசி, கடத்தூர், அரூர். தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் இரண்டு விதமாக எழுதுவார்கள் என்று தெரிந்தபோது, பெரியவர்களுக்கும் குழப்பம் இருக்கிறது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். இப்போது ஆறாம் வகுப்பு. மெதுவாகத்தான் வாசிக்கிறான். புரிந்து வாசிக்கிறான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு குறைபாடுகள் மட்டுமே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்றாக்கி, இதையும் சேர்த்தது. முறையான சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு கிடைக்கும். ஆனால் பத்தாம் வகுப்பு ஜனவரியில் பதறி ஓடி வருபவர்களே அதிகம். மூன்றாம் வகுப்பு முடிந்தும் பிள்ளை இரண்டெழுத்துச் சொல்லை ஊகித்துச் சொன்னால் அடிக்காதீர்கள். அப்போதே யாரிடமாவது காட்டுங்கள். சொல்லித்தர வருபவரிடம் மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.