ஓஸ் பைப்பும் ஒரு சான்றிதழும்

ரிட்டயர்டு ஆன பிறகும் டீச்சருக்குப் பாடம் நடத்தும் வியாதி போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டத்துக்கு என்று மருமகன் போன வருடம் ஒரு ஓஸ் பைப் வாங்கித் தந்தார். தண்ணீரைத் திறந்தால் தானாக நீளும், நிறுத்தினால் தானாகச் சுருங்கி ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். பேத்தி அதற்குப் 'பாம்பு' என்று பெயர் வைத்தாள். சித்திரை வெயிலில் ஒருநாள் குழாயை மூடாமல், பைப்பின் நுனியை மட்டும் மூடிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். டப்பென்று வெடித்தது. தூக்கிப்போட மனமில்லாமல் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஸ்பிரிங் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை! மெல்லிய ரப்பர்க் குழாய், அதன்மேல் அதைவிட மூன்று மடங்கு நீளமான துணி உறை, அவ்வளவுதான். இரண்டும் இரு முனைகளில் மட்டும் சேர்ந்திருக்கின்றன, நடுவில் ஒட்டே கிடையாது. எலாஸ்டிக் வைத்த பாவாடை இடுப்பில் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்குமே, அதேதான். தண்ணீர் வெளியேறும் வழி குறுகலாக இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ரப்பர் நீளவும் பருக்கவும் பார்க்கிறது. துணி தன் அளவுக்கு மேல் விடாது. துணி இல்லையென்றால் அது பலூன்தான். குழாயை மூடி நுனியைத் திறந்தால், ரப்பர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிட்டுப் பழைய நீளத்துக்கு வந்துவிடும்.

யார் கண்டுபிடித்தது என்று பேரனைத் தேடச் சொன்னேன். அமெரிக்காவில் மைக்கேல் பெரார்டி என்பவர் 2012-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதற்கு முந்தைய வருடம் கேரி ரேக்னர் என்பவர், ஸ்பிரிங் வைத்த தன்னுடைய ஓஸைப் பெரார்டியிடம் காட்டிப் பேசியிருக்கிறார். பிறகு இரண்டு கம்பெனிகளுக்குள் வழக்கு. முனைகளில் மட்டும் சேர்ப்பது, துணி உறை, ஸ்பிரிங் இல்லாமலே நீண்டு சுருங்கும் என்பது எல்லாம் அன்றைய பேச்சில் ரேக்னரிடமிருந்து வந்தவை என்று அதில் தெரியவந்தது. அவர் பெயரையும் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்கவேண்டும் என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்தது.

பேரன் வாசித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

1994, எட்டாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்கு, காலி குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டுநீர்ப் பாசனம் காட்டலாம் என்று சொன்னவன் கடைசி பெஞ்சுப் பையன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. தினமும் பார்த்த பாட்டில். தெர்மோகோல் வாங்கி, வர்ணம் அடித்து அழகாகச் செய்துகொண்டு வந்தவன் வேறொருவன். பரிசும் கிடைத்தது. சான்றிதழில் ஒரு பெயருக்குத்தான் இடம். எழுதிக் கொடுத்தது நான்தான். செய்தவன் பெயரை எழுதினேன். இவன் வந்து பார்த்தான். "நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போய்விட்டான்.

பரிசு வாங்கிய தம்பி, இதைப் படித்தால் வருத்தப்படாதே. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

மற்றவன் உங்கள் செட் குரூப்பில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அவனிடம் கேட்காமல் பெயரை இங்கே போடவும் கூடாது. யார் என்று உங்களுக்குத் தெரியும். அவன் போன் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.