காதுக்குள் கைலாசம்

கைலாசபுரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் ஏதோ மலை மேல் சிவன் கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள். மலையும் கிடையாது, படியும் கிடையாது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால் வருகிற பி.ஹெச்.இ.எல். குடியிருப்புதான் கைலாசபுரம். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு இங்கே பாய்லர் தொழிற்சாலை வந்தது. கூடவே ஒரு ஊரும் வந்தது. உதவி செய்த தேசம் 1993-ல் இரண்டாகப் பிரிந்து, பெயர்கூட மிச்சமில்லை. கைலாசபுரம் ஜம்மென்று இருக்கிறது!

நான் போனது பாய்லர் பார்க்க அல்ல. ஹெட்போன் கேட்க.

"டேய், மூணு ஹெட்போன் வந்திருக்கு. மூணோட விலையையும் கூட்டினா உன் வருஷ வருமானம் கால் தூசு. வந்து காதுல மாட்டிட்டுப் போ" என்று நண்பன் போன் பண்ணினான். ஹெட்போன்கள் அவனுடையவை அல்ல. ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த மச்சானுடையவை. மச்சான் அவற்றைப் 'பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி' ஒப்படைத்துவிட்டு சபரிமலைக்குப் போயிருக்கிறார். சரணம் ஐயப்பா!

ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ஆம் நம்பர் பஸ்ஸில் சத்திரம். அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். காதில் என் பழைய இயர்போன். சாலைக்கு நடுவே மாட்டு வண்டி வந்தாலும் ஹாரன், வராவிட்டாலும் ஹாரன். கண்டக்டர் விசில் தனி ஆவர்த்தனம். பாட்டு கேட்க வேண்டுமானால் பஸ்ஸை ஜெயிக்க வேண்டும். பால்பண்ணையில் வால்யூம் பாதி. அரியமங்கலத்தில் முக்கால். காட்டூரில் முழுசு. 'இவ்வளவு சத்தம் காதுக்கு ஆகாது' என்று செல்போன் எச்சரிக்கை போட்டது. சரி என்று அமுக்கிவிட்டேன். நீங்களும் அமுக்கியிருப்பீர்கள்.

குடியிருப்புக்குள் நுழைந்ததும் உலகம் மாறுகிறது. இரண்டு பக்கமும் மரங்கள், நேர்க்கோடு போட்ட சாலைகள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்கள். வாசலில் காய்கிற சேலையை வைத்துத்தான் வீட்டை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். நிசப்தம். எங்கோ ஒரு சில்வண்டு மட்டும் 'ங்ங்ங்' என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பகலிலேயே வண்டு கத்துகிறதே, எத்தனை பச்சை என்று வியந்துகொண்டே நடந்தேன்.

நண்பன் அறைக்கதவைச் சாத்திவிட்டு, பீரோவிலிருந்து நகைப் பெட்டி எடுப்பதுபோல மூன்றையும் எடுத்து வைத்தான். மூன்றுமே 'க்ளோஸ்டு பேக்'. அதாவது முதுகு மூடியது.

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். ஹெட்போனும் ஒரு டபுள் என்ட்ரி சமாசாரம்தான். உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு முன்னால் அசைந்தால் சத்தம் காதுக்கு வருகிறது. அதே அளவு சத்தம் பின்பக்கமும் போகிறது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. முதுகு திறந்த ஹெட்போனில் அந்தப் பின்பக்கச் சத்தம் வெளியே போய்விடும். காற்றோட்டமாகக் கேட்கும். ஆனால் பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஓசியில் கச்சேரி. முதுகு மூடியதில் அது வெளியே போக வழியில்லாமல் சுவரில் மோதித் திரும்பி வரும். குண்டானுக்குள் தலையை விட்டுப் பாடினால் எப்படி இருக்கும்? அப்படி ஆகிவிடும். அந்தக் குண்டான் சத்தத்தை ஒழிக்கத்தான் இத்தனை லட்சம்.

முதலில் ஜெர்மனியின் சென்ஹைசர் ஹெச்.டி. 820. வந்தது 2018-ல், அறிமுக விலை சுமார் 2,400 டாலர். முதுகில் வளைந்த கண்ணாடி. பின்பக்கச் சத்தத்தை அந்தக் கண்ணாடி ஓரமாகத் திருப்பிவிட, அங்கே இருக்கிற அறைகள் அதை விழுங்கிவிடுகின்றன. 300 ஓம் மின்தடை. செல்போனில் சொருகினால் முனகும், தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். 'நத்திங் பட் விண்ட்' போட்டோம். இளையராஜா 1988-ல் கொடுத்தது, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். மூடிய ஹெட்போன் என்றே தோன்றவில்லை. கல்யாண மண்டபத்தில் ஆறாவது வரிசையில் உட்கார்ந்த மாதிரி விசாலம்.

அடுத்தது பிரான்சின் ஃபோக்கல் ஸ்டெல்லியா. 2019, சுமார் 3,000 டாலர். சவ்வு பெரிலியம் என்கிற உலோகம். லேசு, ஆனால் விறைப்பு. மேலே டிகிரி காப்பி நிறத்தில் தோல். எடை 435 கிராம், ஏறக்குறைய அரை கிலோ கத்தரிக்காயைத் தலையில் வைத்த மாதிரி. ஆனால் சத்தம்! ஆறாவது வரிசையிலிருந்து மேடைக்கே ஏற்றிவிட்டது. குழல் ஊதுகிறவர் மூச்சு எடுப்பது கேட்டது. மிருதங்கத்தின் தொப்பி 'கும்' என்றபோது தாடை அதிர்ந்தது.

மூன்றாவது ஜப்பானின் டெனான் ஏ.ஹெச்.-டி 9200. 2018, சுமார் 1,600 டாலர். முதுகு மூங்கில். கொச்சி மூங்கில் என்றான் நண்பன். எர்ணாகுளம் கொச்சி இல்லை சார், ஜப்பானிலும் ஒரு கொச்சி இருக்கிறது! மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது. மிரட்டாது, வியக்க வைக்காது. பாட்டை மட்டும் கேட்க வைக்கும். மாட்டிக்கொண்டிருப்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும்.

"ஸ்பீக்கர்லயே கேக்கலாமேடா?" என்றேன்.

"அப்பா பக்கத்து ரூம்ல தூங்கறார். தொந்தரவா இருக்கும்."

அப்பா தூங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "வாப்பா தம்பி, எப்ப வந்தே?" என்றார். நான் வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் காலிங் பெல்லை மூன்று தடவை அடித்திருந்தேன்.

மகனுக்குத்தான் இந்தப் பெரிய தொழிற்சாலை. அப்பா இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தது வேறு ஊரில், ஒரு பட்டறையில். இரும்புத் தகடும் சம்மட்டியும் கிரைண்டரும். அவருக்கு டெனானை மாட்டிவிட்டோம். நண்பன் ஒரு பழைய பஜனைப் பதிவைப் போட்டான். கேசட்டிலிருந்து மாற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"தொப்பி பிரமாதமா கேக்குதுடா. பாட்டும் கேக்குது. ஆனா ஜால்ரா யாரும் போடலியா?"

நண்பன் பதில் சொல்லவில்லை. நான் ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். முதலிலிருந்து கடைசி வரை ஜால்ரா கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது.

"அந்த ஜால்ராவே அப்பா போட்டதுதான்" என்றான் நண்பன் மெதுவாக. "மார்கழி பஜனை கோஷ்டில அவர்தான் ஜால்ரா."

விஷயம் புதிதல்ல. 1886-லேயே கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற டாக்டர் நூறு பாய்லர் தொழிலாளிகளின் காதைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட முழுசாகக் கேட்கவில்லை. இங்கிலீஷில் இந்தச் செவிட்டுக்கு 'பாய்லர்மேக்கர்ஸ் இயர்' என்றே பெயர் வந்துவிட்டது. உள்காதில் சுமார் 15,000 ரோம செல்கள் இருக்கின்றன. சத்தத்தில் செத்தால் செத்ததுதான். தலைமுடியாவது சிலருக்கு மறுபடி முளைக்கும், இவை முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். ஜால்ரா, பறவை, குழந்தையின் மழலை, 'ஸ' 'ச' எழுத்துக்கள். மிருதங்கத்தின் தொப்பி கடைசி வரை கேட்கும். அதனால்தான் போனதே தெரியாது.

"எப்ப தெரிஞ்சுதுப்பா உங்களுக்கு?" என்று காதருகே குனிந்து கேட்டேன்.

"ஆரம்பத்துல சாயங்காலம் பட்டறையை விட்டு வெளிய வந்தா ஒரு வண்டு கத்தும். காலைல நின்னுடும். அப்புறம் காலைலயும் நிக்கலை. காதுல பஞ்சு வெச்சா மத்தவங்க கேலி பண்ணுவாங்க தம்பி. வெச்சுக்கலை."

எனக்கு முதுகில் ஜில்லென்றது. நண்பனிடம் கேட்டேன்: "இங்க பகல்லயே வண்டு கத்துதே, எந்த மரத்துலடா?"

"வண்டா? எங்கடா?"

அவனுக்குக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு போட்டிருக்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 90-க்கு நாலு மணி நேரம். 100 டெசிபல் என்றால் வாரத்துக்கே இருபது நிமிஷம்! சத்திரத்திலிருந்து காட்டூர் போவதற்குள் என் ஒரு வாரக் கோட்டா காலி. வருஷா வருஷம் தேய்மானம் எழுதலாம், மாற்றுச் சொத்து வாங்க முடியாது. காது அப்படிப்பட்ட சொத்து.

முதுகு மூடிய ஹெட்போனின் நிஜமான மதிப்பு அன்றைக்குத்தான் புரிந்தது. மூங்கிலும் பெரிலியமும் அல்ல. வெளிச்சத்தம் குறைந்தால் வால்யூமை ஏற்றத் தேவையில்லை. இதற்கு லட்சம் எல்லாம் வேண்டாம். சோனி எம்.டி.ஆர். 7506 என்று ஒன்று 1991-ல் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் உழைக்கிறது. விலை மச்சானுடையதில் ஒரு மூலைக்குக் காணாது. ஆபீஸ் போகிற வர்க்கத்துக்கு அந்த மாதிரி ஒன்று தாராளம். ஒன்றே ஒன்று: மாட்டிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டைக் கடக்காதீர்கள். அப்புறம் நிஜக் கைலாசம்தான்.

கிளம்பும்போது நண்பன், அப்பாவை அடுத்த வாரம் காது டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னான். ஹாலில் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"எதுக்குப்பா செலவு?" என்றார் அப்பா. "என் காதுதான் ஒசத்தியான க்ளோஸ்டு பேக். வெளிச்சத்தம் ஒண்ணும் உள்ள வராது!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் தாமதமாக.

திரும்பும்போது இயர்போனைப் பையில் போட்டுவிட்டேன். ஹாரனையும் விசிலையும் சும்மா கேட்டுக்கொண்டே வந்தேன். இரவு ஸ்ரீரங்கத்தில் இறங்கியபோது வண்டு நின்றிருந்தது.

இந்தத் தடவை.