சொல் சேர்த்த செர்மானியர்

தமிழ் அகராதி என்றதும் வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) நம் நினைவுக்கு வரும். அவர் இத்தாலியர். அவருக்குப் பின் வந்த ஒரு செர்மானியரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் யோகான் பிலிப் பெப்ரிசியஸ்.

1711ஆம் ஆண்டு செர்மனியில் பிறந்த இவர், 1740இல் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஈராண்டுகளில் சென்னைக்குச் சென்றார். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது. பின்னர் வேப்பேரி அவரது இருப்பிடமாயிற்று. 1761இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை வென்று எடுத்து வந்த அச்சுப்பொறி வேப்பேரிக்குக் கிடைத்தது. அங்குதான் 1779இல் அவரது தமிழ்-ஆங்கில அகராதி அச்சேறியது. உடன் உழைத்தவர் பிரைத்தாப்ட் என்னும் இன்னொரு செர்மானியர்.

அதில் இருந்தவை ஏறத்தாழ 9,000 சொற்கள். 1862இல் வந்த வின்சுலோ அகராதியில் 67,000க்கும் மேல். எண்ணிக்கையில் பெப்ரிசியஸ் சிறியவர்தான். ஆனால் அவர் தனிச் சொற்களோடு நிற்கவில்லை. ஒரு சொல்லை மக்கள் எந்தெந்தத் தொடரில் ஆளுகிறார்கள் என்பதையும் அதனடியிலேயே தந்தார். மக்களோடு பேச வேண்டியவருக்கு அது தேவைப்பட்டது. ஏட்டில் மட்டுமல்ல, வாயிலும் மொழி வாழ்கிறது என்பதை உணர்ந்தவர் அவர்.

அவரது முதுமை இனிதாக இல்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்து, கடனாளியாகச் சிறையிலும் இருந்தார். 1791இல் சென்னையில் மறைந்தார். எனினும் அவர் அகராதி அழியவில்லை. தரங்கம்பாடியில் திருத்திப் பலமுறை பதிப்பிக்கப்பட்டது. அதன் 1972ஆம் ஆண்டுப் பதிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியுள்ளது.

இதைப் படித்தபோது என் ஊரான பாகான் டாலாம் நினைவுக்கு வந்தது. எங்கள் பெரியவர்கள் சாலையைச் ‘சடக்கு’ என்பார்கள். கடை முன்னுள்ள நடைபாதை ‘அஞ்சடி’. ரப்பர் ‘கித்தா’. காலையில் எதிர்ப்பட்டால் “பசியாறியாச்சா?” என்றுதான் கேட்பார்கள். இவை துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசியப் பள்ளி என்று வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இவற்றுள் பல காதில் மட்டுமே விழுந்தவை. எங்கள் தம்பி தங்கைகளுக்கு அதுவும் இல்லை. சொன்னவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள்.

கடல் கடந்து வந்த ஒருவர், தமக்குத் தாய்மொழியல்லாத தமிழுக்கு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார். நமக்கோ பாட்டி வீடு ஒரு பேருந்துப் பயணம்தான். நண்பர்களே, இந்த விடுமுறையில் ஆளுக்கு ஐம்பது சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். யார் சொன்னார், எந்த ஊர், எந்தத் தொடரில் சொன்னார் என்பதையும் குறியுங்கள். நம் மொழிக் கழகத்தில் நூறு பேர் இருந்தால் ஐயாயிரம் குறிப்புகள். மலேசியத் தமிழ்ச் சொல்லகராதி ஒன்றுக்கு அது நல்ல தொடக்கமாகும்!