ரெபெக்காவைப் பெற்றவள்

மார்ச் 2
அமெரிக்க எல்லைப்புற முன்னோடி டேனியல் பூன் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் தேடுவது அவர் மனைவி ரெபெக்காவை. 1739-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1756 ஆகஸ்ட் 14 அன்று வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் பூனுக்கு வாழ்க்கைப்பட்டவர். பத்துப் பிள்ளை பெற்றவர். அப்பா ஜோசப் பிரையன், தாத்தா மோர்கன் பிரையன். தகப்பன் வழியில் தடங்கலே இல்லை. அம்மா ஹெஸ்டர் சிம்ப்சன் என்கிறார்கள் சிலர். இல்லை, ஆலிஸ் லின்வில் என்கிறார்கள் வேறு சிலர். பெற்றவள் யாரென்பதே வழக்காகக் கிடக்கிறது.

மார்ச் 3
மக்கள்தொகைக் கணக்கில் பயனில்லை. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினார்கள். முதல் கணக்கெடுப்பில் வெள்ளை ஆண்களைப் பதினாறு வயதுக்கு மேல், கீழ் என்றாவது பிரித்தார்கள். பெண்களுக்கு வயதுகூடக் கேட்கவில்லை. அடிமைகளுக்கு வெறும் எண்ணிக்கை. கென்டக்கியைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்திருந்த ஷானி பழங்குடி மக்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

மார்ச் 5
பெண்ணை நேராகத் தேடிக் கிடைக்காதபோது சொந்தபந்தத்தைப் பிடிக்க வேண்டும். பூன்களும் பிரையன்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். டேனியலின் தங்கை மேரியைக் கட்டியவர் ரெபெக்காவின் சித்தப்பா வில்லியம். ரெபெக்காவின் உடன்பிறந்த மார்த்தா, டேனியலின் தம்பி எட்வர்டின் மனைவி. இன்று முழுவதும் இந்த உறவுகளைத் தாளில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் சுவாரசியம். ஒரு மகன் ஜெஸி பிரையன்: அம்மாவின் குடும்பப் பெயரே நடுவில் நிற்கிறது. இன்னொருவன் டேனியல் மோர்கன். ரெபெக்காவின் தாத்தா நினைவாகவா? டேனியலின் தாயும் பிறப்பால் மோர்கன் குடும்பத்துப் பெண்தான். இங்கே எதையும் அடித்துச் சொல்ல முடியாது. பெண்கள் சுசானா, ஜெமைமா, லெவினா, ரெபெக்கா. ஹெஸ்டரும் இல்லை, ஆலிஸும் இல்லை. அது எதையும் நிரூபிக்காது என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

மார்ச் 8
1778 பிப்ரவரியில் ஷானிகள் டேனியலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதங்கள் கடந்தும் தகவல் இல்லை. செத்துவிட்டார் என்றே முடிவுகட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கென்டக்கியிலிருந்து மலைகளைத் தாண்டி யாட்கினில் இருந்த தன் உறவுகளிடம் திரும்பினார் ரெபெக்கா. மூத்த மகன் ஜேம்ஸை 1773-லேயே பறிகொடுத்தவர். மணமாகியிருந்த ஜெமைமா மட்டும் கென்டக்கியில் அவர்கள் வாழ்ந்த பூன்ஸ்பரோவிலேயே தங்கிவிட்டாள். வாழ்க்கை வரலாறுகள் இதை டேனியல் தப்பி வந்த கதைக்கு இடையே இரண்டு வரியில் முடிக்கின்றன. எனக்கு இதுதான் முக்கியமான பயணம். கைவிடப்பட்ட நேரத்தில் ஒரு பெண் யாரை நம்பிப் போகிறாளோ, அவர்கள்தான் அவளுடைய குடும்பம்.

மார்ச் 14
பிராங்ஃபர்ட் கல்லறைத் தோட்டம், கென்டக்கி ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. ரெபெக்கா இறந்தது இங்கில்லை. 1813 மார்ச் 18 அன்று மிசௌரியில். மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் பருவத்தில் நோய்வாய்ப்பட்டார். 1845-இல் இருவருடைய எலும்புகளையும் தோண்டி இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். நினைவுத்தூணின் ஒரு பக்கச் சிற்பத்தில் ஒரு பெண் மாட்டின் அருகே அமர்ந்து பால் கறக்கிறாள். அந்த ஒரு பலகையின் முன்னால்தான் வெகுநேரம் நின்றேன். மகன், கணவன் பெயர் சொல்லாமல் ரெபெக்கா தன் வேலையைப் பார்க்கும் ஒரே இடம் அது.

மார்ச் 15
ரெபெக்காவின் தாய் யாரென்று அறிய இரண்டு வழிகள் மிச்சம். ஒன்று, தாய் மகளுக்கும் மகள் பேத்திக்கும் கொடுத்துப்போகும் மரபணு. ரெபெக்காவின் மகள்கள் வழியில், இடையில் ஓர் ஆண்கூட வராமல், இன்றுவரை தொடரும் பெண்ணின் மரபணுவை லின்வில் பெண்வழியோடு ஒப்பிட்டால் ஒரு பக்கமாவது தெளியும்.

இன்னொன்று நிலப் பத்திரம். அந்தக் காலத்தில் கணவன் விற்கும் நிலத்தில் மனைவிக்கும் பங்கு இருந்தது. அதை மனமொப்பி விட்டுக்கொடுக்கிறாளா என்று கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியே கேட்டு எழுதிக்கொண்டார்கள். அங்கே அவள் பெயர் வந்தே தீர வேண்டும். வட கரோலினாவின் ரோவன் கவுன்ட்டிப் பத்திரங்களிலும், 1739-ஐ ஒட்டிய வர்ஜீனியா பத்திரங்களிலும், ஜோசப் பிரையன் விற்ற ஒவ்வொரு துண்டு நிலத்தையும் நாளை முதல் பார்க்கப் போகிறேன்.