வலிக்காத ஈறு

நமது கீழ்த் தாடையில் ஐந்து வருஷ காலமாக ஒரு டைட்டானிய மரையாணி குடியிருந்து வருகிறது. அதன் தலையில் பீங்கான் பல் ஒன்று. நாற்பது பையன்களுக்கு முன்னால் நாள் முழுவதும் வாயைத் திறந்தே தீரவேண்டிய உத்தியோகம் நம்முடையது. ஆகவே பல் விழுந்தபோது அடைந்த துக்கமும், புதுப் பல் வந்தபோது அடைந்த பெருமையும் கொஞ்சமல்ல. "இது சொத்தையாகாதல்லவா?" என்று கேட்டோம். "ஆகாது, ஆனால் ஈறு..." என்று பல் வைத்தியர் ஆரம்பித்தார். முதல் வார்த்தையுடன் நாம் திருப்தியடைந்துவிட்டோம். பாதிப் பாடத்தைக் கேட்டுவிட்டு ஓடும் மாணாக்கர்களைத் தினந்தோறும் கண்டிக்கிறவர் நாமேதான்!

இந்த வித்தைக்கு மூலபுருஷர் ஸ்வீடன் தேசத்துப் பிரானமார்க். 1950-களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தார். திரும்ப எடுக்கப் போனபோது அது வர மறுத்தது. எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது! 1965-ஆம் வருஷம் மனிதர் தாடையிலேயே ஆணி ஏறிவிட்டது.

எலும்பு பற்றிக்கொண்டது சரி. ஈறு என்ன செய்கிறது? ஆனு ஆவன்னா மாதிரி ஆதியிலேயே நாம் கற்றிருக்க வேண்டிய பாடம் இது. பிறவிப் பல்லின் வேரில் ஈற்றின் நார்கள் குத்தி நுழைந்து பதிந்திருக்கின்றன. உலோகத்தில் அவ்விதம் நுழைய வழியில்லை. நார்கள் ஆணியின் ஓரமாக, அதைத் தழுவினாற்போல் ஓடுகின்றனவே யன்றி, அதற்குள் வேர்விடுவதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருந்த தசைநாரும், அதன் வழியாக வந்த இரத்த ஓட்டமும் பல்லோடு போய்விட்டன. ஆகவே ஓரத்தில் அழுக்குப் படலம் சேர்ந்து ஈறு அழன்றால், அந்த அழற்சி எலும்புக்கு இறங்குவது எளிது.

சென்ற வருஷம் பல் துலக்கும்போது எச்சிலில் சிவப்பாகத் தெரிந்தது. வலி இல்லை. வலி இல்லாததை வியாதி என்று எப்படிச் சொல்வது? ஏழு மாதம் இப்படியே தர்க்கம் செய்தோம். கடைசியில் நமது இல்லாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, "உங்கள் வகுப்புப் பையன் இப்படி இருந்தால் சும்மா விடுவீர்களா?" என்றாள்.

வைத்தியர் மழுங்கின கம்பியால் ஈற்றோரத்தை மெள்ளத் தொட்டார், இரத்தம் கசிந்தது. பழைய எக்ஸ்ரே படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஈறு மட்டும் அழன்றிருந்தால் சுத்தம் செய்தே குணமாக்கியிருக்கலாமாம். நமக்கோ ஆணியில் இரண்டு மரை அளவு எலும்பு இறங்கியிருந்தது. போன எலும்பு தானாகத் திரும்புவதில்லை. நாம் வாயைத் திறந்தபடியே தலையாட்டினோம்.

இப்போது இராத்திரி தோறும், பல்லிடுக்கில் நுழையும் சின்னஞ்சிறு பிரஷ் ஒன்றுடன் பத்து நிமிஷம் கண்ணாடி முன் நிற்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைத்தியர் வீட்டுப் படி ஏறுகிறோம். சென்ற வாரம் அவர் ஆறு இடங்களில் தொட்டுப் பார்த்தார். ஐந்தில் இரத்தம் இல்லை. ஆறாவது இடத்தைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.