சௌல்தாரிப் பஞ்சாயத்தும் டெல்லிப் பார்லிமெண்டும்

தென் அந்தமானின் சிற்றூர்களுள் சௌல்தாரியும் ஒன்று. தென்னையும் பாக்கும் செறிந்த தோட்டங்கள். அவற்றிற்கு அப்பால் பசுமை மாறாத காடு. இந்தியும் வங்காளமும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் தீவு இது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேயரிலிருந்து இங்கு வருவோர் தோட்டத்தின் அழகைக் கண்டு வியப்பர். கிராமப் பஞ்சாயத்தின் பெயர்ப்பலகையை நின்று படிப்பவர் அரியர். எனினும் இவ்வூரில் காணத்தக்கவற்றுள் அப்பலகையே தலையாயது என்பேன். அது டெல்லியிலிருந்து இங்கு வந்து சேர்ந்த வரலாற்றை அறிந்தால், சட்டம் எவ்வாறு பிறக்கிறது என்பதும் விளங்கும்.

தீவுகளில் கிராமப் பஞ்சாயத்துக்கு 1961-ஆம் ஆண்டிலேயே ஓர் ஒழுங்குமுறை உண்டு. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்ற அரசியலமைப்பின் காவல் அன்று இல்லை. நாடு முழுவதற்கும் அக்காவலைத் தர வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு பஞ்சாயத்து ஆட்சியைப் பரிந்துரைத்தது. 1986-இல் சிங்வி குழு, அரசியலமைப்பிலேயே அதற்கு இடம் தருக என்றது. 1989-இல் ராஜீவ் காந்தி அரசு 64-ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது.

மசோதா புறப்பட்டவுடன் ஊர் போய்ச் சேர்ந்துவிடாது. ஒவ்வொரு நிலையத்திலும் கைகாட்டி இறங்கினால்தான் வண்டி நகரும். அரசியலமைப்புத் திருத்தத்திற்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். லோக சபையைக் கடந்த அம்மசோதா, ராஜ்ய சபையில் சில வாக்குக் குறைவால் வீழ்ந்தது. மாநிலங்களின் உரிமையை மத்திய அரசு தாண்டிச் செல்கிறது என எதிர்க்கட்சிகள் ஐயுற்றன, பொதுத்தேர்தலும் நெருங்கியிருந்தது. நல்ல நோக்கம் மட்டும் சட்டமாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

நரசிம்ம ராவ் ஆட்சியில், 1991-இல் மசோதா புதிய வடிவில் வந்தது. இரு சபையினரும் அடங்கிய கூட்டுக்குழு அதனை ஆராய்ந்தது. 1992 டிசம்பரில் இரு சபைகளும் நிறைவேற்றின. பாதிக்கு மேற்பட்ட மாநிலச் சட்டசபைகளும் இசைந்தன. 1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு என்பதும் அதனுள் உண்டு. இதனைத் தீவுகளுக்குச் செயற்படுத்தியது, குடியரசுத் தலைவர் பிறப்பித்த 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ஒழுங்குமுறை.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. அந்த நெடும் பயணத்தில் நம் தீவுகளின் குரல் எவ்வளவு? லோக சபையில் ஒரே ஓர் உறுப்பினர். அந்நாளில் மனோரஞ்சன் பக்தா. ராஜ்ய சபையில் நமக்கு இடமில்லை. சட்டசபையும் இல்லாமையால் இசைவு தரும் பேறும் இல்லை. அரசியலமைப்பின் 240-ஆம் பிரிவின்படி, மத்திய அமைச்சரவையின் ஆலோசனையைக் கொண்டு குடியரசுத் தலைவரே நமக்கு ஒழுங்குமுறைகள் இயற்றலாம். அந்த ஒரு வாக்கும் எளிதில் கிட்டியதன்று. 1952-இல் ஜான் ரிச்சர்ட்ஸன் பாதிரியார் நம் உறுப்பினராக நியமிக்கப்பட்டாரேயன்றி, மக்களால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1965-இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின் பயனாகவே 1967-இல் தீவு மக்கள் முதன்முறையாக வாக்களித்துக் கே. ஆர். கணேஷ் அவர்களைத் தேர்ந்தெடுத்தனர்.

குரல் சிறிதாயின் அதனை வீணாக்குதல் தகுமோ? சட்டத்தை உருவாக்குவன கட்சிகளும் அமைச்சகங்களும் மட்டுமல்ல; குழுக்களுக்கு எழுதப்படும் கருத்துரைகளும், மனுக்களும், உறுப்பினர் எழுப்பும் வினாக்களும், நீதிமன்றத் தீர்ப்புகளும், பத்திரிகைகளும் அதனை அசைக்கின்றன. பார்லிமெண்டுக் குழுக்கள் மசோதாக்கள் மீது பொதுமக்கள் கருத்தைக் கேட்டு விளம்பரம் செய்வதுண்டு. நம் சங்கங்கள் அவற்றைக் கவனித்துப் பதில் எழுதலாம் அன்றோ?

அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பிழைப்பை இங்கு வைத்துக்கொண்டு, வாக்குரிமையை மட்டும் சொந்த ஊரில் விட்டுவைத்துள்ள குடும்பங்கள் நம்மிடையே உள. ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான் இருக்கலாம். வழக்கமாக வாழும் இடமே அதற்கு உரியது. இவ்வூர்ப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குக் கிராமசபையிலும் உறுப்பினராகும் உரிமை இல்லை. குடிநீர்க்குழாய் எங்கே, சாலை எங்கே என்று அங்கே பேசும்போது அவர் வெளியில் நிற்க நேரும்.

ஊராட்சி நமக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விரித்துரைக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பதவிக்கு வரலாகாது என விதிக்கிறது. அத்தகைய மரபில் வந்தவர் கடல் கடந்ததும் அதனை மறத்தல் ஆகாது. பெயரைப் பதிவு செய்வீர்; பெண்டிரையும் உடன் அழைத்துக்கொண்டு கிராமசபைக்குச் செல்வீர்; கணக்கைக் கேட்பீர். டெல்லிக்குச் செல்லும் வழி சௌல்தாரியிலிருந்தே தொடங்குகிறது.